ராஸ்பெர்ரி பை மெமரி கார்டு: காப்பு நகல் எடுப்பதற்கும் மீட்டெடுப்பதற்கும் முழுமையான வழிகாட்டி

ஒரே பலகையில் அமைந்த சிறு கணினியான ராஸ்பெர்ரி பையின் முதல் மாதிரி 2012 பிப்ரவரி 29 அன்று விற்பனைக்கு வந்தபோது அதில் வன்வட்டு இல்லை. இயங்குதளம், நிரல்கள், அமைப்புகள், நாம் சேர்த்து வைக்கும் தரவு ஆகிய அனைத்தும் தபால்தலை அளவிலான ஒரு எஸ்டி கார்டில் இருந்தன. 2014இல் வந்த பி பிளஸ் மாதிரியிலிருந்து அந்த அட்டை மைக்ரோ எஸ்டி ஆகி, விரல் நகத்தின் அளவுக்குச் சுருங்கியது. பிற்காலப் பலகைகளை யுஎஸ்பி வட்டிலிருந்தும் துவக்க முடியும் என்றாலும், பொழுதுபோக்குக்காகப் பை வைத்திருப்பவர்களில் பெரும்பாலோரின் உழைப்பு இன்றும் அந்தச் சிறிய அட்டையில்தான் இருக்கிறது.

பலகை கெட்டால் வேறொன்று வாங்கலாம். அட்டை கெட்டால், மாதக்கணக்கில் ஒவ்வொன்றாகச் சரிசெய்த அமைப்புகளும் உணரிகள் பதிவு செய்த அளவீடுகளும் அதனுடன் போய்விடும். எனவே அட்டையை எவ்வாறு நகலெடுப்பது, அந்த நகலிலிருந்து புதிய அட்டையை எவ்வாறு உருவாக்குவது என்ற இரண்டையும் இங்கே விரிவாக எழுதுகிறேன். நகலெடுப்பதைப் பலர் செய்கிறார்கள். எடுத்த நகலிலிருந்து ஒரு முறையேனும் பையைத் துவக்கிப் பார்ப்பவர்கள் குறைவு. என்னைப் பொறுத்தவரை இரண்டாவது வேலை முடியும் வரை முதல் வேலையும் முடியவில்லை.

அட்டை ஏன் கெடுகிறது

மெமரி கார்டுக்குள் இருப்பது ஃபிளாஷ் நினைவகம். அதில் எழுதப்பட்ட இடத்தை அப்படியே திருத்த முடியாது. ஒரு பெரிய தொகுதியை முழுவதுமாக அழித்த பிறகே அங்கே மீண்டும் எழுத முடியும். ஒவ்வொரு தொகுதியும் குறிப்பிட்ட எண்ணிக்கையிலான அழிப்புகளை மட்டுமே தாங்கும். தேய்மானம் ஓரிடத்தில் குவியாமல் இருக்க, அட்டைக்குள் இருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லு தரவை இடம் மாற்றிக்கொண்டே இருக்கிறது. எந்தத் தரவு எங்கே இருக்கிறது என்ற அட்டவணையையும் அதுவே வைத்துக்கொள்கிறது. கேமராவில் எப்போதாவது படம் பதியும் அட்டைக்கு இது பெரிய சுமை அல்ல. பையிலோ பதிவேடுகள், தரவுத்தளங்கள், தற்காலிகக் கோப்புகள் என்று நாள் முழுவதும் சிறு சிறு அளவில் எழுதுவது நடந்துகொண்டே இருக்கிறது.

தேய்மானத்தைவிட மின்தடைதான் எனக்குக் கூடுதல் அச்சம் தருவது. சில்லு தன் அட்டவணையைப் புதுப்பிக்கும் கணத்தில் மின்சாரம் நின்றால், அப்போது எழுதப்பட்ட கோப்பு மட்டுமல்லாமல், அதற்குத் தொடர்பே இல்லாத பழைய கோப்புகளும் சிதையக்கூடும். லினக்ஸின் இஎக்ஸ்டி4 கோப்பு முறைமையில் ஜர்னல் என்னும் பாதுகாப்பு உண்டு. ஆனால் அது கோப்பு முறைமையின் ஒழுங்கைக் காக்குமே தவிர, அட்டையின் உள் அட்டவணையைக் காக்காது. போதிய திறனில்லாத சார்ஜரும் இதே தீங்கைச் செய்யும். பை 4க்கு 5.1 வோல்ட், 3 ஆம்பியர் தரும் மின்வழங்கி தேவை. திரையின் மூலையில் மின்னல் குறி தோன்றினால் மின்னழுத்தம் குறைகிறது என்று பொருள். அதைப் பார்த்தபின் அலட்சியம் செய்யாதீர்கள்.

அட்டைக்குள் என்ன இருக்கிறது

பையின் லினக்ஸ் வகை இயங்குதளமான ராஸ்பெர்ரி பை ஓஎஸ் நிறுவப்பட்ட அட்டையில் இரண்டு பிரிவுகள் உண்டு. முதலாவது சிறிய துவக்கப் பிரிவு. அது ஃபேட்32 வடிவில், சில நூறு மெகாபைட் அளவில் இருக்கும். இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னலும் துவக்க அமைப்புக் கோப்புகளும் அதில் உள்ளன. இரண்டாவது பெரிய பிரிவு இஎக்ஸ்டி4 வடிவிலானது. இயங்குதளமும் நம் கோப்புகளும் அதில்தான் இருக்கின்றன. முதல் முறை பை துவங்கும்போது இந்தப் பிரிவு அட்டையின் கடைசி வரை தானாக விரிந்துகொள்ளும்.

அட்டையை விண்டோஸ் கணினியில் செருகினால் முதல் பிரிவு மட்டுமே கண்ணுக்குத் தெரியும். இரண்டாவது பிரிவைப் புரிந்துகொள்ள இயலாத விண்டோஸ், இந்த வட்டைப் பயன்படுத்துவதற்கு முன் ஃபார்மேட் செய்ய வேண்டும் என்று ஒரு பெட்டியைக் காட்டலாம். அதில் எப்போதும் ‘கேன்சல்’ பொத்தானை மட்டுமே அழுத்த வேண்டும். நன்றாக இருந்த அட்டைகள் இந்த ஒரு பெட்டியால் அழிந்திருக்கின்றன. கண்ணுக்குத் தெரியும் சில கோப்புகளை மட்டும் வேறொரு கோப்புறைக்கு இழுத்துப் போட்டுவிட்டு, அட்டை முழுவதையும் நகலெடுத்ததாக நினைப்பதும் இதே காரணத்தால் நேரும் பிழை. அட்டையை முதல் பைட்டிலிருந்து கடைசி பைட் வரை அப்படியே ஒரு கோப்பாக எடுக்க வேண்டும். அதைத்தான் இமேஜ் என்கிறோம்.

தொடங்குவதற்கு முன்

பையை முறைப்படி ஷட்டவுன் செய்து, பச்சை விளக்கு சிமிட்டுவது நின்ற பிறகு மின்சாரத்தைத் துண்டித்து, அதன் பின்னரே அட்டையை எடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் பையின் அட்டையைப் பைட் பைட்டாக நகலெடுக்கவும் வழி உண்டு. ஆனால் நகல் பாதியில் இருக்கும்போது கோப்புகள் மாறிக்கொண்டே இருப்பதால், முன்பாதி ஒரு நேரத்துக்கும் பின்பாதி இன்னொரு நேரத்துக்கும் உரியதாகிவிடும். அப்படிப்பட்ட நகல் துவங்கினாலும் துவங்கலாம், உள்ளே தரவுத்தளம் உடைந்திருந்தாலும் இருக்கலாம்.

அடுத்து, இமேஜைச் சேமிக்கும் இடத்தைக் கவனியுங்கள். 32 ஜிபி அட்டையில் 5 ஜிபி மட்டுமே பயன்பட்டிருந்தாலும், அதன் முழு இமேஜ் ஏறக்குறைய 32 ஜிபி இருக்கும். அந்த அளவுக்குக் காலியிடம் இருந்தால் மட்டும் போதாது. சேமிக்கும் வட்டு எந்த வடிவில் ஃபார்மேட் செய்யப்பட்டுள்ளது என்பதையும் பார்க்க வேண்டும். ஃபேட்32 வடிவிலுள்ள பென்டிரைவில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே கோப்பைச் சேமிக்க இயலாது. இதை நான் அறிந்துகொண்டது ஓர் இழப்பின் மூலம். மொட்டைமாடியில் வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் பதிவு செய்துகொண்டிருந்த பையின் அட்டையை நகலெடுத்து ஒரு பென்டிரைவில் வைத்திருந்தேன். நகலெடுப்பு இடையில் நின்றதைக் கவனிக்கவில்லை. எட்டு மாதங்களுக்குப் பின், மின்தடை ஒன்றை அடுத்துப் பை துவங்க மறுத்தபோது அந்தக் கோப்பைத் திறந்தேன்; அதன் அளவு சரியாக 4 ஜிபியில் முடிந்திருந்தது. ஒரு கோடைக்காலத்தின் அளவீடுகள் முழுவதும் திரும்பவில்லை. எனவே சேமிக்கும் வட்டு என்டிஎஃப்எஸ், எக்ஸ்ஃபேட், இஎக்ஸ்டி4 ஆகியவற்றில் ஒன்றாக இருக்கட்டும். நகல் முடிந்ததும் கோப்பின் அளவையும் அட்டையின் அளவையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

மைக்ரோ எஸ்டி கார்டைச் செருகும் அடாப்டரின் பக்கவாட்டில் ஒரு சிறு நகர்த்தி இருக்கும். நகலெடுக்கும்போது அதை ‘லாக்’ பக்கம் நகர்த்தி வைத்தால், மூலத்தையும் சேருமிடத்தையும் நாம் மாற்றிக் குறிப்பிட்டுவிட்டாலும், அதை மதிக்கும் கார்டு ரீடர்கள் அட்டையில் எழுத விடாது. மீட்டெடுக்கும் நேரத்தில் அதை மறுபக்கம் நகர்த்த வேண்டும்.

முழு அட்டையை இமேஜாக எடுத்தல்

விண்டோஸில் இதற்கு வின்32 டிஸ்க் இமேஜர் என்னும் இலவச மென்பொருள் போதும். அட்டையைச் செருகியபின் மென்பொருளைத் திறந்து, கோப்புப் பெயருக்கான பெட்டியில் இமேஜ் எங்கே, என்ன பெயரில் சேர வேண்டும் என்பதை முழுப் பாதையுடன் எழுதுங்கள். பெயரின் முடிவில் ஐஎம்ஜி என்ற நீட்சி இருக்க வேண்டும். பெயரிலேயே பலகையின் பெயரையும் தேதியையும் சேர்த்துவிட்டால் பின்னாளில் குழப்பம் வராது. அடுத்து, ‘டிவைஸ்’ பகுதியில் அட்டையின் டிரைவ் எழுத்தைத் தேர்ந்தெடுங்கள். வேறு பென்டிரைவ்கள் செருகியிருந்தால் அவற்றைக் கழற்றிவிடுவது நல்லது. தவறான எழுத்தைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பே அப்போது இருக்காது. பிறகு ‘ரீட்’ பொத்தானை அழுத்துங்கள். ‘ரீட்’ என்றால் அட்டையிலிருந்து கோப்புக்கு, ‘ரைட்’ என்றால் கோப்பிலிருந்து அட்டைக்கு. இரு பொத்தான்களும் அருகருகே இருப்பதால், அழுத்துவதற்கு முன் ஒரு முறை படித்துப் பாருங்கள்.

‘ரீட் ஒன்லி அலகேட்டட் பார்ட்டிஷன்ஸ்’ என்றொரு தேர்வும் அதில் உண்டு. பிரிவுகளுக்கு ஒதுக்கப்பட்ட இடத்தை மட்டும் அது படிக்கும். இரண்டாவது பிரிவு ஏற்கெனவே அட்டையின் கடைசி வரை விரிந்திருந்தால் இதனால் இடம் மிச்சமாகாது. வினாடிக்கு 40 மெகாபைட் வேகத்தில் படிக்கும் ரீடரில் 32 ஜிபி அட்டைக்கு ஏறக்குறைய 13 நிமிடங்கள் ஆகும்; பழைய ரீடர்களில் இன்னும் கூடும்.

உபுண்டு போன்ற லினக்ஸ் கணினிகளில் ‘டிஸ்க்ஸ்’ என்னும் செயலி முன்னரே இருக்கும். அதன் இடப்பக்கப் பட்டியலில் அட்டையைத் தேர்ந்தெடுத்து, சாளரத்தின் மேல்பகுதியிலுள்ள மெனுவைத் திறந்து, ‘கிரியேட் டிஸ்க் இமேஜ்’ என்பதைத் தேர்வு செய்யுங்கள். கீழே பிரிவுகளின் படத்துக்கு அடியிலும் ஒரு பல்சக்கரப் பொத்தான் உள்ளது. அது ஒரு பிரிவை மட்டும் நகலெடுப்பதற்குரியது. பிரிவின் இமேஜை மட்டும் வைத்துக்கொண்டு துவங்கக்கூடிய அட்டையை நேரடியாக உருவாக்க முடியாது.

கட்டளை வரியில் பழகியவர்கள் டிடி கட்டளையைப் பயன்படுத்தலாம். முதலில், இணைந்துள்ள வட்டுகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே கட்டளையை அட்டை செருகுவதற்கு முன்பு ஒரு முறையும் செருகிய பின்பு ஒரு முறையும் இயக்கி, புதிதாகத் தோன்றிய சாதனத்தின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். அதன் பிரிவுகள் தானாக மவுன்ட் ஆகியிருந்தால், அதாவது கணினி அவற்றைத் திறந்து வைத்திருந்தால், அவற்றை விடுவித்துவிடுங்கள். டிடியில் ஐஎஃப் என்பது மூலம், ஓஎஃப் என்பது சேருமிடம். நகலெடுக்கும்போது ஐஎஃப் அட்டையையும் ஓஎஃப் கோப்பையும் குறிக்க வேண்டும். சாதனப் பெயரின் இறுதியில் பிரிவு எண் இருக்கக் கூடாது. எண் சேர்ந்தால் அந்தப் பிரிவு மட்டுமே நகலாகும். ஒரே தடவையில் நகலாகும் அளவைக் குறிக்கும் பிஎஸ் மதிப்பை 4 மெகாபைட் என்று கொடுத்தால் வேகம் கூடும். ஸ்டேட்டஸ் மதிப்பை ‘புரோகிரஸ்’ என்று கொடுத்தால் எவ்வளவு முடிந்தது என்பது தெரியும். டிடி யாரிடமும் அனுமதி கேட்காது. ஓஎஃப்-இல் தவறிப்போய்க் கணினியின் சொந்த வட்டைக் குறிப்பிட்டால், அதையும் சொன்னபடியே அழித்து எழுதிவிடும்.

மேக் கணினியிலும் டிடி உண்டு. அட்டையின் பெயரை டிஸ்க்யூட்டில் கட்டளையால் கண்டறிந்து, அதே கட்டளையால் அட்டையை மவுன்ட் நிலையிலிருந்து விடுவித்த பிறகு நகலெடுக்க வேண்டும். சாதனப் பெயரில் டிஸ்க் என்பதற்கு முன் ஆர் என்ற எழுத்தைச் சேர்த்தால் வேகம் பலமடங்கு கூடும்.

இமேஜ் கோப்பு கிடைத்ததும் அதன் எஸ்எச்ஏ-256 கைரேகையைக் கணக்கிட்டு, பக்கத்திலேயே ஓர் உரைக்கோப்பில் எழுதி வைக்கிறேன். கோப்பை வேறு வட்டுக்கு மாற்றும்போதும், ஓராண்டு கழித்து எடுக்கும்போதும், அது மாறாமல் இருக்கிறதா என்பதை அந்தக் கைரேகை சொல்லிவிடும்.

இமேஜைச் சுருக்குதல்

ஒவ்வொரு மாதமும் 32 ஜிபி கோப்பைச் சேமித்தால் எந்த வட்டும் விரைவில் நிரம்பிவிடும். பைஷ்ரிங்க் என்னும் சிறிய ஸ்கிரிப்ட் இதற்கு நல்ல தீர்வு. லினக்ஸில் இயங்கும் இது, இமேஜின் கடைசியிலுள்ள இஎக்ஸ்டி4 பிரிவை, உள்ளிருக்கும் தரவின் அளவுக்குச் சுருக்கி, மிஞ்சிய இடத்தை வெட்டிவிடுகிறது. சுருங்கிய இமேஜிலிருந்து உருவான அட்டை முதல் முறை துவங்கும்போது பிரிவு மீண்டும் தானாக விரியும். விரியவில்லை என்றால் ராஸ்பி-கான்ஃபிக் கருவியின் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ மெனுவில் ‘எக்ஸ்பாண்ட் ஃபைல்சிஸ்டம்’ என்பதைத் தேர்ந்தெடுத்து, மறுதுவக்கம் செய்தால் போதும். சுருக்கும் வேலையை எப்போதும் இமேஜின் ஒரு பிரதியில் செய்யுங்கள். முதல் இமேஜைத் தொட வேண்டாம்.

சுருக்குவதில் இன்னொரு பயனும் உண்டு. 32 ஜிபி என்று அச்சிடப்பட்ட இரண்டு அட்டைகளின் உண்மையான அளவு ஒன்றாக இருப்பதில்லை. பழைய அட்டை சற்றுப் பெரியதாகவும் புதிதாக வாங்கியது சற்றுச் சிறியதாகவும் அமைந்துவிட்டால், முழு இமேஜ் புதிய அட்டையில் கொள்ளாது. அவசரமான நேரத்தில் இது தெரியவருவது பெரும் வேதனை. சுருக்கிய இமேஜுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

கோப்பை ஜிஜிப் அல்லது எக்ஸ்இசட் முறையில் அழுத்தியும் வைக்கலாம். அட்டையின் காலி இடத்தில் முன்பு நீக்கிய கோப்புகளின் எச்சங்கள் இருப்பதால், சுருக்காத இமேஜ் எதிர்பார்த்த அளவுக்கு அழுந்தாது. சுருக்கிய பின் அழுத்துவதே சரியான வரிசை.

பையிலேயே நேரடி நகல்

வேறு கணினி இல்லாதவர்களுக்கும், கோப்பாக வைப்பதைவிடத் தயார்நிலையில் இரண்டாவது அட்டை வேண்டும் என்பவர்களுக்கும் ராஸ்பெர்ரி பை ஓஎஸ்ஸின் டெஸ்க்டாப் பதிப்பிலேயே வழி இருக்கிறது. ‘அக்சஸரீஸ்’ மெனுவில் ‘எஸ்டி கார்டு காப்பியர்’ என்னும் செயலியைக் காணலாம். யுஎஸ்பி கார்டு ரீடர் ஒன்றில் புதிய அட்டையைச் செருகி, செயலியைத் திறந்து, மேல் பெட்டியில் ஓடிக்கொண்டிருக்கும் அட்டையையும் கீழ்ப் பெட்டியில் புதிய அட்டையையும் தேர்ந்தெடுத்து ‘ஸ்டார்ட்’ பொத்தானை அழுத்த வேண்டும். புதிய அட்டையில் இருப்பவை அனைத்தும் அழியும்.

இது பைட்டுகளை அல்ல, கோப்புகளை நகலெடுக்கிறது. எனவே உள்ளிருக்கும் தரவு கொள்ளுமானால் சிறிய அட்டைக்கும் நகலெடுக்க முடியும். தொடங்குவதற்கு முன் மற்ற செயலிகளை மூடிவிட்டு, தரவுத்தளச் சேவைகளையும் நிறுத்திவிடுங்கள்.

அந்தச் செயலியில் ‘நியூ பார்ட்டிஷன் யுயுஐடிஸ்’ என்னும் சிறு கட்டம் ஒன்று உண்டு. அதன் பொருளைப் புரிந்துகொள்வது அவசியம். ஒவ்வொரு பிரிவுக்கும் ஓர் அடையாள எண் உண்டு. எந்தப் பிரிவிலிருந்து இயங்குதளத்தை ஏற்ற வேண்டும் என்பதைத் துவக்கப் பிரிவிலுள்ள சிஎம்டிலைன் கோப்பு அந்த எண்ணைக் கொண்டே குறிப்பிடுகிறது. இரண்டு அட்டைகளுக்கும் ஒரே எண் இருந்து, இரண்டையும் ஒரே நேரத்தில் பையில் இணைத்துத் துவக்கினால், ஓர் அட்டையிலிருந்து கர்னலும் மற்றோர் அட்டையிலிருந்து இயங்குதளமும் ஏறக்கூடும். நாம் செய்யும் மாற்றங்கள் எந்த அட்டையில் சேர்கின்றன என்பதே தெரியாமல் போகும். இரண்டும் சேர்ந்து இணையும் வாய்ப்பு இருந்தால் கட்டத்தில் குறியிடுங்கள். புதிய எண்ணுக்கேற்பக் கோப்புகளையும் செயலியே திருத்திவிடும். டிடி போன்ற முறைகளில் எடுத்த நகல்களுக்கு எண் மாறாது என்பதால், அவற்றை மூல அட்டையுடன் சேர்த்துச் செருகுவதைத் தவிர்க்க வேண்டும்.

அன்றாடத் தரவுக்குத் தனி நகல்

முழு இமேஜை நாள்தோறும் எடுக்க எவராலும் இயலாது. மாதம் ஒரு முறை இமேஜ், நாள்தோறும் தரவு மட்டும் என்ற ஏற்பாடு நடைமுறைக்கு ஒத்துவருகிறது. தரவுக்கு ஆர்சிங்க் என்னும் நகலெடுக்கும் கருவி சிறந்தது. முந்தைய நகலுக்குப் பின் மாறிய கோப்புகளை மட்டும் அது அனுப்புவதால், அட்டைக்கும் நெட்வொர்க்குக்கும் சுமை குறைவு. வீட்டுக் கோப்புறை, அமைப்புகள் இருக்கும் இடிசி கோப்புறை, குறித்த நேரத்தில் வேலைகளை இயக்கும் குரோன் அட்டவணைகள், நாமாக நிறுவிய மென்பொருள்களின் பட்டியல் ஆகியவற்றை நகலெடுத்தால் பெரும்பாலான தேவைகளுக்குப் போதும். மென்பொருள் பட்டியலை ஆப்ட்-மார்க் கட்டளையின் ‘ஷோமேனுவல்’ தேர்வு தந்துவிடும்.

தரவுத்தளக் கோப்புகளை மட்டும் ஆர்சிங்கிடம் விடக் கூடாது. சீக்வலைட்டுக்கு அதன் சொந்த ‘பேக்கப்’ கட்டளையையும், மரியாடிபிக்கு அதன் டம்ப் கருவியையும் கொண்டு முதலில் ஒரு நிலையான நகலை உருவாக்கி, அந்த நகலை அனுப்ப வேண்டும். பை-ஹோல் வைத்திருப்போருக்கு ‘டெலிபோர்ட்டர்’ பக்கமும், ஹோம் அசிஸ்டன்ட், ஆக்டோபிரிண்ட் வைத்திருப்போருக்கு அவற்றிலேயே அமைந்த காப்பு வசதியும் உள்ளன. அந்தச் சிறு கோப்புகளை அட்டையிலேயே விட்டுவைக்காமல் வேறு கணினிக்கு அனுப்பிவிடுங்கள்.

மீட்டெடுத்தல்

இதை அட்டை கெட்ட அன்று முதன்முறையாகச் செய்யக் கூடாது. இமேஜ் எடுத்த வாரத்திலேயே, உதிரியாக ஓர் அட்டையை வாங்கிச் செய்து பாருங்கள். வாங்கிய அட்டை உண்மையானதா என்பதையும் முதலில் சோதிக்க வேண்டும். உள்ளே குறைந்த கொள்ளளவை வைத்துக்கொண்டு, 64 ஜிபி என்று கணினியிடம் பொய் சொல்லும் போலி அட்டைகள் சந்தையில் உண்டு. விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸில் எஃப்3 ஆகிய கருவிகள் அட்டை முழுவதும் எழுதி, திரும்பப் படித்து, உண்மையைச் சொல்லிவிடும். அட்டையின் மேல் ஏ1 அல்லது ஏ2 குறி இருப்பது இயங்குதளத்துக்கு ஏற்றது. கண்காணிப்புக் கேமராக்களுக்கென்று விற்கப்படும் நீடித்த உழைப்பு வகை, இடைவிடாது எழுதும் பைகளுக்குப் பொருத்தமானது.

எழுதுவதற்கு ராஸ்பெர்ரி பை இமேஜரைப் பரிந்துரைக்கிறேன். 2020இல் வெளிவந்த இந்த மென்பொருள் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்குகிறது. இது அட்டையிலிருந்து இமேஜ் எடுக்காது. ஆனால் நாம் எடுத்த இமேஜை எழுதும். இயங்குதளப் பட்டியலின் கீழ்ப்பகுதியில் ‘யூஸ் கஸ்டம்’ என்பதைத் தேர்ந்தெடுத்து நம் கோப்பைக் காட்ட வேண்டும். ஜிஜிப், எக்ஸ்இசட் முறைகளில் அழுத்திய கோப்புகளையும் விரிக்காமலேயே கொடுக்கலாம். அடுத்து அட்டையைத் தேர்ந்தெடுங்கள். பயனர் பெயர், வைஃபை முதலிய அமைப்புகளைப் புகுத்தவா என்று அது கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நம் இமேஜில் அவை ஏற்கெனவே இருக்கின்றன, மேலெழுதினால் குழப்பம்தான் மிஞ்சும். எழுதி முடித்தபின் அது அட்டையைத் திரும்பப் படித்துச் சரிபார்க்கும். அந்தச் சரிபார்ப்பை அவசரப்பட்டு நிறுத்தாதீர்கள். பலேனா எட்சரும் இதே வேலையைச் செய்யும். வின்32 டிஸ்க் இமேஜரில் ‘ரைட்’, உபுண்டுவின் டிஸ்க்ஸ் செயலியில் ‘ரீஸ்டோர் டிஸ்க் இமேஜ்’ ஆகியவையும் பயன்படும்.

பையில் புதிய அட்டையைச் செருகித் துவக்குங்கள். சுருக்கிய இமேஜ் என்றால் முதல் துவக்கம் நேரமெடுக்கும். இடையில் மின்சாரத்தைத் துண்டிக்கக் கூடாது. உள்நுழைந்ததும், டிஎஃப் கட்டளையால் பிரிவு முழு அட்டைக்கும் விரிந்திருக்கிறதா என்று பாருங்கள். சிஸ்டம்சிடிஎல் கட்டளையின் ‘ஃபெயில்டு’ தேர்வு, துவங்க மறுத்த சேவைகளைக் காட்டும். பிறகு, அந்தப் பை எந்த வேலைக்காக இருக்கிறதோ அந்த வேலையைச் செய்ய வைத்துப் பாருங்கள்: உணரியின் புதிய அளவீடு பதிவாகிறதா, பழைய அளவீடுகள் திறக்கின்றனவா, குரோன் வேலை தன் நேரத்தில் ஓடுகிறதா என்று. துவங்கிவிட்டது என்பதோடு நிறுத்திக்கொண்டால், உடைந்த தரவுத்தளத்தை அப்போது கண்டுபிடிக்க முடியாது.

புதிய பலகைக்குப் பழைய இமேஜை மாற்றுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பை 5க்கு ராஸ்பெர்ரி பை ஓஎஸ்ஸின் புக்வார்ம் அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு தேவை. பை 4க்கு பஸ்டர் அல்லது அதற்குப் பிந்தையது தேவை. அவற்றுக்கு முந்தைய பதிப்பின் இமேஜ் சரியாகவே எழுதப்பட்டிருந்தாலும் அந்தப் பலகையில் துவங்காது. 64 பிட் இமேஜ் முதல் தலைமுறைப் பையிலும் முதல் பை ஸீரோவிலும் இயங்காது. அட்டையைக் குறைசொல்வதற்கு முன் இதைச் சரிபாருங்கள்.

ஒரே இமேஜிலிருந்து இரண்டு பைகளை ஒரே வீட்டில் இயக்குவதாக இருந்தால், இரண்டாவதன் ஹோஸ்ட்நேமையும், தொலைவிலிருந்து உள்நுழையப் பயன்படும் எஸ்எஸ்எச் சாவிகளையும் மாற்றிவிட வேண்டும். இல்லையெனில் நெட்வொர்க்கில் இரண்டும் ஒரே பெயரில் நிற்கும்.

முழு அட்டை அல்லாமல் ஒரே ஒரு கோப்பு மட்டும் திரும்ப வேண்டும் என்றால் அட்டையை எழுத வேண்டியதே இல்லை. விண்டோஸில் 7-ஜிப் மென்பொருளால் இமேஜைத் திறந்து, லினக்ஸ் பிரிவுக்குள் நுழைந்து, தேவையான கோப்பை வெளியே எடுக்கலாம். லினக்ஸில் இமேஜை லூப் சாதனமாக, அதாவது ஒரு வட்டைப் போல, இணைத்து மவுன்ட் செய்யலாம்; படிக்க மட்டும் என்ற நிலையில் மவுன்ட் செய்வது பாதுகாப்பானது.

ஏற்கெனவே கெடத் தொடங்கிய அட்டை

நகல் எதுவும் இல்லாத நிலையில் அட்டை தகராறு செய்யத் தொடங்கினால் அதில் எதையும் எழுதாதீர்கள். பழுதுபார்க்கும் எஃப்எஸ்சிகே கட்டளையும் அட்டையில் எழுதக்கூடியதுதான். முதலில் குனு டிடிரெஸ்கியூ கருவியால் இமேஜ் எடுங்கள். சாதாரண டிடி, படிக்க முடியாத இடத்தைக் கண்டதும் நின்றுவிடும். டிடிரெஸ்கியூவோ நன்றாக இருக்கும் பகுதிகளை முதலில் வாரிக்கொண்டு, கடினமான இடங்களுக்குப் பின்னர் திரும்பி வரும். எவ்வளவு மீட்டது என்பதை ஒரு வரைபடக் கோப்பில் எழுதிவைப்பதால், இடையில் நிறுத்தி மறுநாள் தொடரவும் முடியும். பழுதுபார்க்கும் வேலையை அந்த இமேஜின் பிரதியில் செய்யுங்கள்.

கோப்பை நீக்கிவிட்டு மறுதுவக்கம் செய்தால் அது திரும்பவும் அங்கேயே இருக்கிறது என்றால், எழுதப்படுவதை ஏற்பதாகக் காட்டிக்கொண்டு அட்டை அதைக் கைவிடுகிறது என்று பொருள். தன் ஆயுளை முடித்துக்கொண்ட அட்டைகளில் சில இப்படி நடந்துகொள்கின்றன. பழைய தரவைப் படித்து எடுக்க அதுவே நல்வாய்ப்பு. உடனே நகலெடுத்துவிட்டு அட்டையை ஓய்வுபெற விடுங்கள்.

நகல்களை வைக்கும் இடம்

இமேஜுக்குள் வைஃபை கடவுச்சொல்லும் எஸ்எஸ்எச் சாவிகளும் இணையச் சேவைகளின் டோக்கன்களும் இருக்கின்றன. பிறர் கைக்குப் போகக்கூடிய வட்டிலோ இணையச் சேமிப்பகத்திலோ வைப்பதாக இருந்தால், 7-ஜிப்பின் ஏஇஎஸ்-256 கடவுச்சொல் பூட்டுடன் வையுங்கள். ஒரு நகல் வீட்டுக் கணினியிலும் இன்னொன்று வேறு இடத்திலும் இருக்கட்டும். கடைசி மூன்று மாதங்களின் இமேஜ்களை வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்குகிறேன். ஒரு பிழை எப்போது நுழைந்தது என்பது சில வாரங்கள் கழித்தே தெரியவரலாம் என்பதால் கடைசி ஒன்றை மட்டும் நம்புவதில்லை.

சோதித்துத் துவங்கிய உதிரி அட்டையை வேறு வேலைக்கு எடுத்துவிடாதீர்கள். சிறு காகித உறையில் இட்டு, எந்தப் பலகைக்குரியது, எந்தத் தேதியின் இமேஜ், எந்த நாளில் துவக்கிப் பார்க்கப்பட்டது என்ற மூன்றையும் அதன்மேல் எழுதி, அந்தப் பையின் பெட்டியிலேயே ஒட்டிவிடுங்கள். அடுத்த மாத இமேஜ் தயாரானதும் அதே அட்டையில் எழுதி, துவக்கிப் பார்த்து, உறையில் தேதியை மாற்றுங்கள்.